வாலிநோக்கம் கடற்கரையில் மீட்டர் ஏறுகிறது: மண்ணில் கதிரியக்க மாசை எப்படித்தான் அளக்கிறார்கள்?

சாயல்குடிப் பையன்

ஆன்லைனில் கதிர்வீச்சை அளக்கும் ஒரு கைகர் கவுண்டர் வாங்கினேன். மலிவு விலைதான். வீட்டுத் திண்ணையில் வைத்தால் மணிக்கு 0.11, 0.13 மைக்ரோ சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) என்று ஆடிக்கொண்டிருக்கிறது. அதையே வாலிநோக்கம் கடற்கரைக்கு எடுத்துப் போய், அலை ஒதுக்கிவிட்டுப் போன கறுப்பு மணல் வரியின் மேல் வைத்தேன். 0.30ஐத் தாண்டிவிட்டது. நாலு அடி தள்ளி வெள்ளை மணலில் வைத்தால் மறுபடியும் 0.12தான்.

அங்கே ஒரு காலத்தில் கப்பல் உடைத்தார்கள் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பழைய கப்பலிலிருந்து எதையாவது மணலில் புதைத்திருப்பார்களோ என்று ஒரு சந்தேகம். தெற்கே கூடங்குளம், வடக்கே கல்பாக்கம் என்று இரண்டு பக்கமும் உலை வேறு. விஷயத்தை வீட்டில் சொன்னதும் அம்மா மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

வெளிநாடுகளில் மூடிய அணு உலை வளாகங்களின் மண்ணைச் சோதித்து, இனி வீடு கட்டலாம், விவசாயம் செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கிறார்களாமே. அதை எப்படிச் செய்கிறார்கள்? இந்த மீட்டரை வைத்து நானும் அதே மாதிரி செய்ய முடியுமா?

உப்பளத்தான்

0.30க்கே மீனை நிறுத்தினால், உங்கள் பங்கு நண்டையும் இறாலையும் இந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாம்பன்காரன்

கிண்டல் வேண்டாம் அண்ணே. தம்பி கேட்டது நியாயமான கேள்வி. இங்கே கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு 'மீனில் ஏதோ இருக்கிறதாம்' என்று ஒரு வதந்தி கிளம்பினாலே போதும், ஏலத்தில் விலை விழுந்துவிடும். உண்மையிலேயே ஏதாவது இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. அளக்கிறவர்களும் அவர்களே, 'பயப்பட ஒன்றுமில்லை' என்று அறிக்கை விடுகிறவர்களும் அவர்களே. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாக எழுதுங்கள்.

கீழக்கரை சல்லடை

தம்பி, முதலில் அம்மாவிடம் மீன் வாங்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

மூடப்பட்ட அணு உலை வளாகங்களில் மண் எடுத்து, காயவைத்து, சலித்து, எண்ணிப் பார்க்கும் வேலையில் பல வருடம் வெளிநாட்டில் இருந்தவன் நான். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கேட்கிறவர்கள் ஏதோ விண்வெளி உடை போட்டுக்கொண்டு செய்யும் வேலை என்று நினைக்கிறார்கள். பாதி நாள் சல்லடை, தராசு, பிளாஸ்டிக் பையோடுதான் போகும்.

உங்கள் மீட்டருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: குழாய்க்குள் நிமிடத்துக்கு இத்தனை தடவை துடிப்பு விழுந்தது. துடிப்பைத் தந்தது சீசியமா, தோரியமா, பொட்டாசியமா என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலான மலிவு மீட்டர்களில் எல்லாவற்றையும் சீசியம்-137 என்று வைத்துக்கொண்டு மைக்ரோ சீவர்ட்டாக மாற்றி எழுதிவிடுவார்கள். ஆகையால் '0.30' என்பதை வைத்து மாசு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

கறுப்பு வரியைப் பற்றி என் ஊகம் இது. சாதாரண மணல் குவார்ட்ஸ், அடர்த்தி 2.65. இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்களின் அடர்த்தி 5க்குப் பக்கம். அலை இலேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது வரியாகத் தங்கிவிடும். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரை மணலில் மீட்டர் ஏறுவது இதனால்தான். நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அலை நன்றாகப் புடைத்துக் கொடுத்த ஒரு வரியில் இரண்டு மூன்று மடங்கு ஏறினால் எனக்கு ஆச்சரியமில்லை. வருடம் முழுக்க இரவும் பகலும் அந்த வரியின் மேலேயே படுத்துக் கிடந்தால் 2.6 மில்லி சீவர்ட் வரும். இயற்கையிலிருந்து உலக மக்கள் சராசரியாக வாங்குவதே 2.4.

இது ஊகம்தான். கப்பல் சமாச்சாரம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல, மணல் விடும் காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் நிறமாலையைப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மண்டபம் டீச்சர்

இயற்பியல் எடுக்கிறேன், அதனால் ஒரு சின்னச் சேர்க்கை. 0.11, 0.13 என்று ஆடுவது மீட்டரின் கோளாறு அல்ல. கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நடப்பது. ஒரு நிமிடத்தில் 25 துடிப்பு வந்தால் அதில் கூடக்குறைய 5 இருக்கும், அதாவது 25இன் வர்க்கமூலம். அடுத்த நிமிடம் 31 வந்தால் ஏறிவிட்டது என்று பதற வேண்டியதில்லை. அதே இடத்தில் பத்து நிமிடம் வைத்தால் 250, கூடக்குறைய 16. நூற்றுக்கு 20 ஆக இருந்த தடுமாற்றம் 6 ஆகிவிடுகிறது. தம்பி, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மழை விட்ட உடனே அளக்காதீர்கள். காற்றிலிருக்கும் ரேடான் வாயு சிதைந்து பிறக்கும் வாரிசுகளான ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டையும் மழை கழுவித் தரைக்குக் கொண்டுவரும். மீட்டர் திடீரென்று ஏறும். இரண்டுக்கும் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், அரை மணி நேரத்துக்கும் குறைவு, மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் இதைப் பார்த்துப் பயந்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் உண்டு.

சாயல்குடிப் பையன்

மழை இல்லை டீச்சர், வெயில் மண்டையைப் பிளந்தது. சல்லடைக் காக்கா, மூடிய உலைகளில் எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பாம்பன்காரன்

நானும் அதைத்தான் கேட்கிறேன். 'இயற்கை' என்று ஒரு சொல்லைப் போட்டு எதையும் மூடிவிடலாமே. எது இயற்கை, எது உலையிலிருந்து வந்தது என்று யார் முடிவு செய்வது?

கீழக்கரை சல்லடை

பாம்பன் தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நாங்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட இடமும் அதுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மண்ணிலும் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 இயற்கையாகவே இருக்கிறது. உலகச் சராசரி கிலோவுக்குச் சுமார் 400 பெக்கெரல், அதாவது வினாடிக்கு 400 அணு சிதைகிறது. யுரேனியம் 35, தோரியம் 30 என்ற கணக்கில் கூடவே இருக்கும். முண்டு மிளகாய்க்குப் போடும் பொட்டாஷ் மூட்டை மேல் உங்கள் மீட்டரை வைத்துப் பாருங்கள், டிக்டிக் என்று வேகம் எடுக்கும். கிலோவுக்கு ஏறத்தாழ 16,000 பெக்கெரல். நம் உடம்பிலேயே 4,000 பெக்கெரல் பொட்டாசியம்-40 இருக்கிறது.

இப்போது உலைப் பக்கம் வாருங்கள். உலையில் உருவாகும் சீசியம்-137க்கும் கோபால்ட்-60க்கும் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் விடுவிப்பு அளவு, அதாவது அதற்குக் கீழே இருந்தால் கட்டுப்பாடு வேண்டாம் என்ற அளவு, கிலோவுக்கு 100 பெக்கெரல். அதாவது 400 இயற்கையாக இருக்கிற மண்ணில் 100ஐத் தேட வேண்டும். அந்த 100 பெக்கெரல் சீசியம் மண் முழுக்கப் பரவிக் கிடந்தாலும் மீட்டரில் மணிக்கு 0.02 மைக்ரோ சீவர்ட்கூட ஏறாது. தம்பியின் மீட்டர் திண்ணையில் சும்மா இருக்கும்போதே அந்த அளவுக்கு ஆடுகிறது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: முடியாது.

சரி, எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1997இல் நான்கு அரசுத் துறைகள் சேர்ந்து 'மார்சிம்' என்று ஒரு கையேடு போட்டார்கள். பல நாடுகளில் வேலைக்காரர்கள் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், தொடக்க அனுமானம். 'இந்த நிலம் வரம்பைத் தாண்டியது' என்று எடுத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை நிலத்தை விடுவிக்கச் சொல்லும் கம்பெனியின் தலையில். மாதிரி போதாமல் போனால் நிலம் தோற்றதாகத்தான் ஆகும். குறைவாக அளந்து தப்பிக்க வழியில்லை.

நிலத்தை மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். வரம்பைத் தாண்டியிருக்கும் என்று சந்தேகப்படும் இடம் முதல் வகுப்பு. குழாய் கசிந்த இடம், கழிவுத் தொட்டியின் அடி, பழுது பார்த்த கொட்டகை எல்லாம் அதில் வரும். அங்கே ஒரு துண்டு 2,000 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஒரு அங்குலம் விடாமல் நடந்து பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் ஒரு துண்டு 10,000 வரை போகலாம். எதுவும் நடந்திருக்க வாய்ப்பே குறைவு என்பது மூன்றாம் வகுப்பு, அதற்கு உச்சவரம்பு கிடையாது.

இந்த வகுப்பு பிரிப்பதற்குக் கருவியைவிட முக்கியம் பழைய பதிவேடுகள், பழைய வேலைக்காரர்கள். எந்த வருடம் எந்த வால்வு ஒழுகியது, எந்தப் பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள் என்பதெல்லாம் ஓய்வு பெற்ற ஃபிட்டருக்குத்தான் தெரியும். வரைபடத்தில் இருக்காது. டீ வாங்கிக் கொடுத்து மணிக்கணக்கில் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் நல்ல முதலீடு அந்த டீதான்.

அப்புறம் நடை. இரண்டு அங்குலச் சோடியம் அயோடைடு படிகக் கருவியைத் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இடமும் வலமும் வீசிக்கொண்டே போக வேண்டும். ஜிபிஎஸ் கூடவே பதியும். காதில் ஹெட்போன் போட்டிருப்போம். மீட்டர் முள்ளைப் பார்க்கிறவன் தவறவிடுவதைக் காது பிடித்துவிடும்.

அதன் பிறகு மண் எடுப்பது. எங்கே எடுப்பது என்பதை எடுக்கிறவர் தீர்மானிக்கக்கூடாது. தற்செயலாக ஒரு தொடக்கப் புள்ளியைக் கணினி கொடுக்கும், அதிலிருந்து முக்கோணக் கட்டங்களாக விரித்துக்கொண்டு போக வேண்டும். புள்ளி முள்புதருக்குள் விழுந்தால் வெட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். 'பக்கத்தில் வசதியான இடத்தில் எடுத்துக்கொள்ளலாமே' என்று ஆரம்பித்தால் புள்ளியியலே செத்துவிடும்.

எது இயற்கை என்ற கேள்விக்கு 'ஒப்பீட்டு நிலம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அதே மண் வகை, அதே ஈரம், அதே உயரம், உலையின் கை படாத இடம். அங்கேயும் அதே முறையில் மாதிரி எடுத்து இரண்டு கூட்டத்தையும் தர வரிசைப்படுத்திப் பார்ப்பார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏமாற்ற முடியுமா என்றால், முடியும். மோனசைட் வரி உள்ள கடற்கரையை ஒப்பீட்டு நிலமாக வைத்துக்கொண்டால் பக்கத்தில் என்ன கொட்டினாலும் 'இயற்கையைவிடக் குறைவு' என்று காட்டிவிடலாம். அதனால் ஒழுங்குமுறை ஆட்கள் முதலில் சண்டை போடுவது அந்த இடத்தைப் பற்றித்தான். உலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே சுற்றுப்புற மண்ணை அளந்து வைப்பது இதற்காகத்தான். நாற்பது வருடம் கழித்து அந்தக் காகிதம் தங்கத்துக்குச் சமம்.

உப்பளத்தான்

டீ வாங்கிக் கொடுத்தால் நானும் நிறையச் சொல்வேன். ஒன்றும் உபயோகப்படாது, அவ்வளவுதான்.

மதுரை லேப்

இங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் அயோடைடு நிறமாலைக் கருவி ஒன்று இருக்கிறது. தம்பி மணல் அனுப்பினால் ஓட்டிப் பார்க்கலாம், காசு வேண்டாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தோரியம் வரிசையில் (தோரியமும் அது சிதைந்து பிறக்கும் தனிமங்களும்) தாலியம்-208இன் கோடு 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தனியாக நிற்கும், அதைத் தவறவிட முடியாது. சிக்கல் சீசியத்தில். சீசியம்-137இன் கோடு 662. யுரேனியம் வரிசையின் பிஸ்மத்-214 கோடு 609. சோடியம் அயோடைடு அந்த இடத்தில் 7 சதவீதம் அகலமாக, அதாவது 46 அளவுக்குப் பரத்திக் காட்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாகத் தெரியும். கொஞ்சம் சீசியம் இருந்தால் அந்த மேட்டின் தோளில் மறைந்துவிடும்.

கீழக்கரை சல்லடை

மதுரைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. அதற்காகத்தான் உயர்தூய ஜெர்மேனியம் கருவி. அதைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், ஆனால் கோடுகளை ஊசி மாதிரி நிறுத்தும். பிஸ்மத்-214க்கு 665இலும் ஒரு சின்னக் கோடு உண்டு. அதையும் சீசியத்தின் 662ஐயும்கூடப் பிரித்துக் காட்டிவிடும்.

ஆனால் கருவி எவ்வளவு உசத்தியானாலும் மண்ணைத் தயார் செய்வதில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். எங்கள் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன்.

மேல் 15 சென்டிமீட்டர் மண் பையில் வரும். பைக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே இன்னொரு பையில் போட்டு இன்னொரு சீட்டு. ஈரத்தில் மார்க்கர் மை கரைந்து, எந்தப் புள்ளியின் மண் என்று தெரியாமல் போனால் அந்த மண் குப்பைக்குத்தான். முதலில் ஈர எடை. பிறகு 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைக்க வேண்டும். ஈர மண்ணுக்குக் கிலோவுக்கு 80 பெக்கெரல் என்று எழுதியது, காய்ந்த பிறகு 100 ஆகிவிடும். எந்த எடைக்கு என்று எழுதாத அறிக்கையைப் படிக்கவே படிக்காதீர்கள். காய்ந்ததும் கட்டிகளை உடைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நின்ற கல், வேர், கிளிஞ்சலைத் தனியே நிறுத்து எழுதி வைக்க வேண்டும். கூழாங்கல்லில் மாசு அதிகம் ஒட்டாது, அதையும் சேர்த்து நிறுத்தால் சராசரி இறங்கிவிடும்.

சலித்த மண்ணை மரினெல்லி குடுவையில் நிரப்புவோம். நடுவில் பள்ளம் விட்ட குடுவை. கருவியின் தலை அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மண் அதைச் சுற்றி நிற்கும். தட்டித் தட்டி ஒரே மட்டமாக நிரப்பி, மூடியை டேப் போட்டு ஒட்டி, 10 சென்டிமீட்டர் ஈயச் சுவருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் பல மணி நேரத்துக்கு அங்கே நமக்கு வேலை இல்லை. ரேடியத்தையும் சேர்த்து அளக்க வேண்டுமென்றால் மூடிய குடுவையை ஏறத்தாழ ஒரு மாதம் சும்மா வைத்திருக்க வேண்டும். ரேடானுக்கு அரை ஆயுள் 3.8 நாள், உள்ளே அடைபட்டு ரேடியத்தோடு சமநிலைக்கு வர அவ்வளவு காலம் வேண்டும்.

இன்னொன்று, சல்லடை. மாசு குறைந்த மண்ணை முதலில், அதிகமானதைக் கடைசியில் சலிக்க வேண்டும். நடுநடுவே சுத்தமான மணலைச் சலித்து அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மணலில் கோபால்ட் தெரிந்தால் உங்கள் சல்லடை முந்தைய மண்ணைப் பிந்தைய மண்ணில் கலக்கிறது என்று அர்த்தம். இந்தச் சரிபார்ப்பு இல்லாத ஆய்வகத்தின் முடிவை நான் நம்புவதில்லை, அது எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் சரி.

பாம்பன்காரன்

காக்கா, இவ்வளவும் காமா கதிரைப் பற்றி. ஸ்ட்ரான்சியம்-90 எலும்பில் போய் உட்காரும் என்கிறார்களே, அதைக் காமாவில் பார்க்க முடியாதே?

கீழக்கரை சல்லடை

முடியாது. அது பீட்டா என்ற வேறு வகைக் கதிரை மட்டுமே விடும். மண்ணை அமிலத்தில் கரைத்து, ஸ்ட்ரான்சியத்தை வேதிமுறையில் தனியே பிரித்து, அதிலிருந்து யிட்ரியம்-90 வளர்ந்து வரும்வரை இரண்டு வாரம் போலக் காத்திருந்து எண்ண வேண்டும். ஒரு மாதிரிக்கு ஆகும் செலவும் ஆள் நேரமும் காமா அளவீட்டைவிடப் பல மடங்கு. புளூட்டோனியமும் அப்படித்தான், அது விடுவது ஆல்ஃபா என்ற இன்னொரு வகைக் கதிர்.

இந்தச் செலவைக் குறைக்கத்தான் 'பதிலி' வழி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சில மாதிரிகளில் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் இரண்டையும் அளந்து விகிதம் கண்டுபிடிப்பது, பிறகு சீசியத்தை மட்டும் அளந்து விகிதத்தால் பெருக்கிக்கொள்வது. நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. சீசியம் களிமண்ணின் அடுக்குக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு மேல் மண்ணிலேயே கிடக்கும். ஸ்ட்ரான்சியம் தண்ணீரோடு இறங்கிப் போகும். முப்பது வருடம் கழித்து மேலே ஒரு விகிதம், கீழே வேறு விகிதம். அமெரிக்காவில் கனெக்டிகட் யாங்கி உலையை இடித்தபோது நிலத்தடி நீரிலேயே ஸ்ட்ரான்சியம்-90 இருந்தது. மேல் மண்ணை மட்டும் சுரண்டிப் பார்த்துவிட்டு விகிதத்தைப் போட்டு முடித்த அறிக்கை என்றால், எத்தனை அடி ஆழத்தில் விகிதத்தைச் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

உங்களுக்காகவே இன்னொன்று. ஸ்காட்லாந்தின் வடகரையில் டவுன்ரே என்று ஒரு பழைய அணு உலை (வேக ஈனுலை) வளாகம். அங்கே எரிபொருள் துணுக்குகள் மணல் துகள் அளவில் கழிவுக் குழாய் வழியாகக் கடலுக்குப் போய்விட்டன. 1980களில் கரையில் கிடைக்க ஆரம்பித்தன, பக்கத்து சேண்ட்சைடு கடற்கரையிலும் கிடைத்தன. நான் மேலே எழுதிய கட்டம், மாதிரி, சராசரி எதுவும் அங்கே எடுபடாது. ஒரு படி அரிசியில் கல் ஒன்றே ஒன்று கிடந்தால் 'சராசரியாக எவ்வளவு கல்' என்று கேட்பதில் அர்த்தமில்லை, யார் பல்லில் மாட்டும் என்பதுதான் கேள்வி. ஆகவே வண்டியில் கருவிகளை வரிசையாகக் கட்டிக்கொண்டு கடற்கரையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். கடலடியில் ரிமோட் எந்திரத்தை இறக்கித் துகள்களை எடுத்தார்கள். 1997இல் கழிவுக் குழாய் வாயைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் மீனோ நண்டோ பிடிக்கத் தடையும் போட்டார்கள்.

பாம்பன்காரன்

இதைத்தான் சொல்கிறேன். 2 கிலோமீட்டர் என்பது அங்கே ஒரு கோடு. இங்கே பாக் நீரிணையில் ஏற்கெனவே எத்தனை கோடுகளுக்கு நடுவில் வலை போடுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கோடு விழுந்தால் நாட்டுப் படகுக்காரர்கள் எங்கே போவார்கள்?

சரி, நம் நாட்டில் எந்த உலையையாவது இடித்து, மண்ணைச் சோதித்து ஊருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா?

மண்டபம் டீச்சர்

மின் நிலையம் எதையும் அப்படி வெறும் நிலமாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ராஜஸ்தானின் முதல் அலகு 2004லிருந்து ஓடவில்லை. டிராம்பேயில் சைரஸ் ஆய்வு உலையை 2010 முடிவில் நிறுத்தினார்கள். அந்த வளாகங்களிலெல்லாம் பக்கத்திலேயே வேறு உலைகளும் கட்டடங்களும் இயங்குவதால், வேலியைப் பிடுங்கிவிட்டு மண்ணை விடுவிக்கும் கேள்வியே இன்னும் வரவில்லை.

மண்ணில் மாசு எடுத்த அனுபவம் நமக்கு வேறு வழியில் வந்தது. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில் கோபால்ட்-60 உடைபட்டது நினைவிருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து ஏலம் போன ஒரு பழைய கருவிக்குள் இருந்தது அது. ஒருவர் இறந்தார். கடை மண்ணையும் சுரண்டி எடுத்தார்கள். சாயல்குடித் தம்பி கப்பல் இரும்பைப் பற்றிச் சந்தேகப்பட்டது முட்டாள்தனம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கீழக்கரை சல்லடை

டீச்சர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கோபால்ட் என்றால் 1173, 1332 என்று இரண்டு கோடு ஜோடியாக வரும், தோரியத்தோடு குழம்பவே குழம்பாது. மதுரைக்காரர் கருவியே போதும்.

வரம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மூடிய இடத்தை நிபந்தனையில்லாமல் விடுவிக்க வருடத்துக்கு 0.25 மில்லி சீவர்ட்டுக்குள் இருக்க வேண்டும். மெய்ன் யாங்கி என்ற கடலோர உலை 1996 வரை ஓடியது, 2005க்குள் இடித்து முடித்தார்கள். அந்த மாநிலத்து மக்கள் 0.25ஐ ஏற்கவில்லை. கடைசியில் எல்லா வழியும் சேர்த்து 0.10, நிலத்தடி நீர் வழியாக 0.04 என்று இறங்கி வந்தது. ஊர்க்காரர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டதால் எண் மாறியது. எரிந்த எரிபொருள் மட்டும் இன்னும் அங்கேயே கான்கிரீட் பீப்பாய்களில் நிற்கிறது, அது வேறு கதை.

இந்த மில்லி சீவர்ட்டைக் கிலோவுக்கு இத்தனை பெக்கெரல் என்று மாற்ற ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்த நிலத்திலேயே வீடு, அங்கேயே கிணறு, அங்கேயே விளைந்த காய், மாடு, பால். அங்கே அது சரி. நம் கரையில் ஒரு நாள் அப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்றால் அந்தக் குடும்பம் வாரம் எத்தனை நாள் மீன் சாப்பிடுகிறது, கருவாடு எவ்வளவு, கருவாடு எந்த மணலில் காய்ந்தது என்றெல்லாம் உள்ளே போட வேண்டும். பாம்பன் தம்பி சண்டை போட வேண்டிய இடம் கருவியில் இல்லை, இந்தப் பட்டியலில்தான்.

மதுரை லேப்

தம்பியின் பார்சல் வந்தது. இரண்டு பை. ஒரு இரவு முழுக்க ஓட்டினேன்.

கறுப்பு மணலில் 2614 நன்றாக எழுந்து நிற்கிறது. 583, 911 இரண்டும் தெளிவு. தோரியம் வரிசை முழுசாக வருகிறது. வெள்ளை மணலில் அதே கோடுகள் சின்னதாக. 1173, 1332இல் ஜோடி எதுவும் இல்லை. 1460இல் பொட்டாசியம் வழக்கம்போல. 662 பக்கம் மேட்டில் தனியாக எதுவும் தெரியவில்லை. 'சீசியம் இல்லை' என்று எழுதித் தர மாட்டேன். என் கருவிக்குத் தெரியும் அளவில் இல்லை, அவ்வளவுதான்.

சாயல்குடிப் பையன்

ரொம்ப நன்றி சார். அப்படியானால் கப்பல் இல்லை, மோனசைட்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஜெர்மேனியம் கருவியில் போட்டால் சீசியம் சுத்தமாகப் பூஜ்யம் என்று வருமா?

கீழக்கரை சல்லடை

அந்தப் பையில் இருந்த மணலைப் பொறுத்தவரை மோனசைட்தான், சந்தேகமில்லை. கடற்கரை முழுக்கப் பற்றி இரண்டு பை எதுவும் சொல்லாது. கப்பல் உடைத்த இடத்தைப் பற்றி அறிய வேண்டுமென்றால் மேல் மணலை அள்ளிப் பயனில்லை, அலை அதைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. உடைத்த இரும்பை அடுக்கிவைத்த மேட்டு நிலத்தில் துளை போட்டு எடுக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள். டீயில் ஆரம்பியுங்கள்.

பூஜ்யம் எங்கேயும் வராது. 1950, 60களில் வானத்தில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம் உலகம் முழுக்க மண்ணில் இறங்கியிருக்கிறது. நம் அட்சரேகையில் வடக்கைவிடக் குறைவு. அரை ஆயுள் 30 வருடம் என்பதால் அதிலும் முக்கால் பங்குக்குப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் மிச்சம் இருக்கிறது. ஆகவே ஜெர்மேனியத்தில் 'சீசியம் கண்டுபிடிப்பு' என்று வந்தால் அதை வைத்து யாரும் செய்தி போட்டுவிட வேண்டாம். கிலோவுக்கு எத்தனை, எந்த ஆழத்தில், ஒப்பீட்டு நிலத்தில் எத்தனை என்பதுதான் விஷயம்.

நிஜமாகவே சீசியத்தைத் தேடப் பிரியமென்றால் கடற்கரை சரியான இடமில்லை. களிமண் இல்லாத மணலில் அது தங்காது. கண்மாய்க்குப் போங்கள். கண்மாய் வண்டலில் களி உண்டு, வருடா வருடம் அடுக்கடுக்காகப் படியும். 1963ஐ ஒட்டிய அடுக்கில் குண்டுச் சோதனை உச்சம் தெரியும், வண்டலுக்கு வயது கணக்கிடவே அதைப் பயன்படுத்துகிறார்கள். தூர் வாராத மூலையாகப் பார்க்க வேண்டும். தூர் வாரியிருந்தால் அடுக்கெல்லாம் கலைந்து போயிருக்கும்.

பாம்பன்காரன்

காக்கா, ஒரு யோசனை. இப்போது எதுவும் நடக்காத நேரத்திலேயே தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை சில இடங்களில் மண் எடுத்து வைத்துவிட்டால்? நீங்கள் சொன்ன அந்தத் 'தங்கத்துக்குச் சமமான' காகிதம் நம் கையிலும் ஒன்று இருக்கட்டுமே. பஞ்சாயத்து நோட்டிலாவது எழுதி வைக்கலாம்.

கீழக்கரை சல்லடை

செய்யலாம், நானும் வருகிறேன். ஆனால் மதுரைக்கு அனுப்பிய மாதிரி அனுப்பாதீர்கள். அந்த இரண்டு பையின் படத்தையும் பார்த்தேன். 'கறுப்பு', 'வெள்ளை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. தேதி, நேரம், ஜிபிஎஸ் எண், எத்தனை சென்டிமீட்டர் ஆழம், ஓதக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், எடுத்தது யார் என்று எல்லாம் வேண்டும். 0 முதல் 5, 5 முதல் 15 என்று இரண்டு ஆழத்துக்குத் தனித்தனிப் பை. ஒவ்வொரு பையிலும் ஒரு கிலோவுக்குக் குறையாமல். புள்ளிகளை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், டீச்சர் கணினியில் தற்செயலாக எடுத்துக் கொடுப்பார். கடற்கரை பாதி, கண்மாய் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

மண்டபம் டீச்சர்

புள்ளிகளைத் தருகிறேன். தீவுகள் பக்கம் கடல் பூங்கா எல்லை வருகிறது, அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் மண் எடுக்கக்கூடாது. அந்த இடங்களை விட்டுவிட்டுப் போடுகிறேன். மண்வெட்டி வேண்டாம், பிவிசி குழாய் ஒரு அடி நீளத்தில் வெட்டிக் கொண்டு வாருங்கள்.